ஏற்காட்டில் ‘மீர்ஷாம்’ பைப் என்று எனக்கு விற்கப்பட்டது கல்சட்டிக் கல்

புகையிலை நிரப்பிப் புகைக்கும் பைப்பைப் பிடித்துப் பழகலாம் என்று எண்ணி, ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் ஒரு கைவினைப் பொருள் கடையில் 6,800 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விவரத்தை, அதே எண்ணத்தோடு மலையேறும் வேறு எவரும் அதே போலிப் பைப்பை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக இங்கே பதிவு செய்கிறேன். புகார் நடவடிக்கையில் இருப்பதால் கடையின் பெயரையும் இடத்தையும் குறிப்பிடவில்லை.

என் தாத்தா ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதியவர். தோட்டத்துத் துரை சாயங்காலத்தில் பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டும் ஓசையை அவர் வாயாலேயே ‘டொக் டொக்’ என்று செய்து காட்டுவார். அந்த ஓசைதான் நாற்பத்தாறு வயதில் என்னை அந்தக் கடைக்குள் இழுத்தது என்று சொன்னால் என் மனைவி நம்ப மறுக்கிறார், உண்மை அதுதான்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவர் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பைப்புகள் மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்க்கட்டையான பிரையர் மரத்தால் ஆனவை என்றும், அதற்கும் மேலான பொருளாகக் கருதப்படுவது துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கப்படும் மீர்ஷாம் என்னும் வெள்ளைக் கல் என்றும், ஜெர்மன் மொழியில் அந்தப் பெயருக்குக் ‘கடல் நுரை’ என்று பொருள் என்றும், புகைக்கப் புகைக்க அது மஞ்சளாகிப் பிறகு தேன் நிறத்துக்கு மாறும் என்றும் அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பிறகு நான் வாங்கவிருந்த பைப்பின் அடிப்பகுதியில் நகத்தால் ஒரு கோடு கீறி, “பாருங்க சார், நகம் பட்டாலே கீறல் விழுது, இதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம்” என்றார். மீர்ஷாம் மென்மையான கல் என்று எங்கோ படித்திருந்த எனக்கு அந்தக் கோடே போதுமானதாக இருந்தது. கல்சட்டி செய்யும் மாக்கல்லிலும் நகம் அப்படியேதான் கீறும் என்பது சேலத்தில் பிறந்து வளர்ந்த என் புத்திக்கு அப்போது எட்டவில்லை.

வீட்டு மொட்டை மாடியில் முதல் நாள் பற்றவைத்தபோது, பத்து நிமிடத்துக்குள் புகையிலை நிரப்பும் கிண்ணத்தைக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறிவிட்டது. நாக்கு நுனி வெந்ததுபோல் எரிந்தது. அடியில் ஈரம் சேர்ந்து, இழுக்கும்போதெல்லாம் களகளவென்று சத்தம் வந்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். “வேகமா இழுக்கறீங்க சார், புதுசா பழகறவங்க எல்லாரும் இப்படித்தான்” என்றார். இதுவும் பொய்யில்லை, அவசரமாக இழுத்தால் புகையிலை அதிகச் சூட்டில் எரிந்து நாக்கைச் சுடும் என்பது பைப் பிடிப்பவர்கள் எல்லோரும் சொல்வதே. அதனால் மூன்று வாரம் என் கையையும் வாயையும் மட்டுமே குறை சொல்லிக்கொண்டு, மெதுவாக இழுத்துப் பார்த்தேன், தளர்வாக நிரப்பிப் பார்த்தேன், பாதியிலேயே அணைத்து வைத்தும் பார்த்தேன். ஒரு நாள் அணைத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வந்து தொட்டபோதும் கிண்ணம் வெதுவெதுப்பாகவே இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கல்சட்டியில் புளிக்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாளே செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும், எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பைப்பில் வாய் வைக்கும் தண்டுப் பகுதியைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தை மட்டும் தராசில் வைத்தார். 116 கிராம் இருந்தது. பிறகு துளையை மெழுகால் அடைத்துவிட்டு, உள்ளே காற்று நிற்காதபடி அளவுக் குவளையில் அமிழ்த்தினார்; நீர்மட்டம் 43 மில்லி ஏறியது. “நுரைக்கல்லுன்னு பேரு, கட்டி ஈயமாட்டம் உக்காருது. இது நம்ம கல்சட்டிக் கல்லுதான் தம்பி” என்றார். வகுத்துப் பார்த்தால் தண்ணீரைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு அடர்த்தி. மாக்கல்லின் அடர்த்தியும் அந்த அளவில்தான் இருக்கும். உலர்ந்த மீர்ஷாமோ நுண்துளைகள் நிறைந்தது என்பதால் நீரில் மிதக்கக்கூடியது. நாக்கு நுனியை அதன்மேல் வைத்தால் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். வெளிப்புறத்தில் தேன்மெழுகு பூசியிருப்பார்கள் என்பதால், மெழுகு படாத உட்புற விளிம்பில்தான் இதைச் சோதிக்க முடியும். “எச்சில் பட்டா கறை புடிச்சிடும் சார், வாயால எதையும் தொடாதீங்க” என்று கடைக்காரர் கரிசனத்தோடு எச்சரித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஈரத்தை உறிஞ்சுகிற கல்லாக இருந்திருந்தால் அந்தக் களகளச் சத்தமும் இவ்வளவு கேட்டிருக்காது. மீர்ஷாமும் மாக்கல்லும் மக்னீசியம் கலந்த கற்கள்தாம். அந்த உறவைச் சொன்னால் நம் சேலத்தில் வெட்டியெடுக்கும் மேக்னசைட் கல்லும் பங்காளிதான். அதற்காக ஒன்றின் விலையில் இன்னொன்றை விற்கலாம் என்றாகிவிடாது.

புகையிலையிலும் இதே கதை. ‘இம்போர்டட் வர்ஜீனியா’ என்று ஜிப் வைத்த வெற்றுப் பையில் கொடுத்தார். விலை, இறக்குமதியாளர் பெயர், மாதம், ஆண்டு எதுவும் அதில் இல்லை. உறையின் 85 சதவீதப் பரப்பில் இருக்க வேண்டிய எச்சரிக்கைப் படமும் இல்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி அப்படி விற்பதே குற்றம். மேலே வெனிலா வாசனை, உள்ளே பீடித்தூளைப் போன்ற நறுக்கல்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரமூட்டுவது, “புகையை உள்ளே இழுக்கறதில்ல, அதனால உடம்புக்கு ஒண்ணும் ஆகாது” என்று அவர் சொன்னதும், அதையும் நான் நம்பியதும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் உடம்பில் சேரும். உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்தும் பைப்புக்கு உண்டு. நாக்கு ஆறவில்லை என்று போய்ப் பார்த்த பல் மருத்துவர், பைப் சூட்டினால் மேலண்ணம் வெளுத்துத் தடிப்பதுண்டு என்று விளக்கி, விளக்கடித்து என் அண்ணத்தைப் பார்த்து, இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். நிறுத்திவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மலைக்குப் போனபோது கடைக்காரர் பில்லை எடுத்துக் காட்டச் சொன்னார். அதில் ‘கல் பைப் – 1’ என்று மட்டுமே எழுதியிருந்தது. “கல்லுன்னுதான சார் போட்டிருக்கு?” என்றார். பணமும் கடையின் கணக்குக்குப் போகாமல் யாரோ ஒரு தனிநபரின் எண்ணுக்குப் போயிருந்தது. வாங்குவதற்கு முந்தைய நாள் அவரே வாட்ஸப்பில் அனுப்பிய படத்தின் கீழ் ‘ஒரிஜினல் துருக்கி மீர்ஷாம்’ என்று எழுதியிருந்ததைக் காட்டிய பிறகுதான் 2,000 ரூபாய் தருவதாக இறங்கி வந்தார், நான் ஏற்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்தேன். கடையிலிருந்து பதில் வரவில்லை. இனி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

இதே கடையில் என்று இல்லை, மலையில் எந்தக் கடையிலாவது நீல வெல்வெட் பெட்டியில் வெள்ளைப் பைப் வாங்கியவர்கள், தண்டைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தை மட்டும் எடை போட்டுப் பாருங்கள். பில்லையும் வாட்ஸப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். என்னுடையதை, உள்ளே படிந்திருக்கும் கரியைச் சுரண்டாமல், அதே பெட்டியில் பில்லோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனுவோடு கொடுக்க வேண்டும்.