வேர்ட்பிரஸ் மெனுவைக் கடைக்காரர் கையில் கொடுத்தால்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

அல்வாக் கடை, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம், குற்றாலத்து லாட்ஜ் என்று திருநெல்வேலிப் பக்கத்துக்கு நாம் வேர்ட்பிரஸில் (இணையதளம் கட்டும் மென்பொருள்) கட்டிக்கொடுக்கும் தளங்களில் மெனுவை, அதாவது பக்கங்களுக்கான இணைப்பு வரிசையை, மாற்றப்போவது கணக்கு எழுதுகிறவரோ ஆபீஸ் டீச்சரோதான். அதுவும் பெரும்பாலும் போனிலிருந்து. இவர்களுக்கு 2010-இல் வேர்ட்பிரஸ் 3.0-உடன் வந்த பழைய மெனுத் திரையே இன்றும் தோது. 2022-இல் 5.9-உடன் வந்த நேவிகேஷன் பிளாக்கில் (புதிய வகை மெனு) பழைய நிலைக்குத் திரும்ப ரிவிஷன் உண்டு, பழைய திரையில் அது கிடையாது. ஆனால் அந்தப் பிளாக்கைத் திருத்தும் சைட் எடிட்டரில் கை தவறினால் எல்லாப் பக்கத்துத் தலைப்பகுதியும் சேர்ந்து மாறிவிடும்.

அவர்களுக்கு 'எடிட்டர்' உரிமையுள்ள கணக்கு கொடுத்தால் அதில் மெனுத் திரையே தெரியாது. உடனே அட்மின் பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், வேண்டாம். யூசர் ரோல் எடிட்டர் என்ற பிளகினில் (கூடுதல் நிரல்) 'எடிட் தீம் ஆப்ஷன்ஸ்' உரிமையை மட்டும் சேர்த்தால் போதும். கூடவே கஸ்டமைசரும் (தோற்றத்தை மாற்றும் திரை) விட்ஜெட்டும் (தளத்துச் சிறு பெட்டிகள்) திறந்துகொள்ளும் என்பதால் அவற்றை மறைத்துவிடுங்கள்.

சேர்க்கும்போது இடப்பக்கப் 'பேஜஸ்' பெட்டியில் டிக் அடித்தே சேர்க்கச் சொல்லுங்கள். அப்படிச் சேர்த்தது பக்கத்தின் ஐடியோடு கட்டப்பட்டிருப்பதால் முகவரியை மாற்றினாலும் இணைப்பு கூடவே மாறும். முகவரியைக் கையால் தட்டிச் சேர்க்கும் கஸ்டம் லிங்க் பழைய முகவரியிலேயே நிற்கும். பெயர்க் கட்டத்திலும் கை வைக்காமல் விட்டால் பக்கத் தலைப்பு மாறும்போது மெனுவும் மாறும். அதில் 'அட்மிஷன் 2024' என்று ஒருமுறை தட்டிவிட்டால், பக்கத் தலைப்பு 2025 ஆனபின்னும் மெனு 2024-ஐத்தான் காட்டும்.

பக்கத்தைக் குப்பைக்கு அனுப்பினால் தளத்து மெனுவில் தானே மறையும், டிராஃப்ட் (வெளியிடாத வரைவு) ஆக்கினால் மறையாது. சீசன் முடிந்ததென்று லாட்ஜ்காரர் கட்டணப் பக்கத்தை டிராஃப்டில் போட்டால், மெனுவை அழுத்துகிறவருக்குப் 'பக்கம் இல்லை' என்றுதான் வரும். அதற்கு 'கட்டணம்' என்று ஒரே நிரந்தரப் பக்கம் வைத்து, ஜூனில் உள்ளே இருக்கும் தொகையை மட்டும் மாற்றச் சொல்வது மேல். பள்ளி அறிவிப்புக்கும் அதே வழிதான்: மெனுவில் 'அறிவிப்புகள்' வகையை ஒருமுறை சேர்த்துவிட்டால், அந்த வகையில் போடும் பதிவுகள் தானாக அதில் வந்து சேரும். மெனுத் திரையைத் திறக்கும் வேலையையே குறைப்பதுதான் உண்மையான எளிமை.

தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே உருவாகும். முகவரியில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம், மொத்தம் 200 இடம். ஆக 22 குறியீட்டோடு வெட்டுப்படும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. வாட்ஸப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாகக் கொட்டும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கிவிடுங்கள். மெனுப் பெயரும் குட்டையாக இருக்கட்டும். 'எங்களைத் தொடர்பு கொள்ள' மாதிரி இரண்டு மூன்று இருந்தாலே லேப்டாப்பில் வரி உடையும், 'தொடர்புக்கு' போதும்.

போனில் இழுத்து வரிசை மாற்றுவது படாத பாடு. உருப்படியை விரித்தால் அடியில் 'அப் ஒன்', 'டவுன் ஒன்' இருக்கிறது; அதைக் காட்டிக்கொடுங்கள். "சேவ் குடுத்தாச்சு, மாறமாட்டுக்கே அண்ணாச்சி" என்று அழைப்பு வந்தால் முதலில் கேஷை, அதாவது வேகத்துக்காகச் சேமித்துவைத்த பழைய நகலைப் பாருங்கள்.

மெனுவில் திடீரென்று எல்லாப் பக்கமும் வரிசைகட்டி நின்றால், மெனு அழிந்திருக்கும், அல்லது தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) மாற்றியதில் மெனுவுக்கு ஒதுக்கிய இடம் விடுபட்டிருக்கும். பல தீம்களில் மெனு இல்லாத இடத்தில் வேர்ட்பிரஸ் பக்கப் பட்டியலைப் போட்டுவிடும். இடம்தான் விட்டதென்றால் 'டிஸ்பிளே லொகேஷன்' டிக் ஒன்றில் சரியாகும். அழிந்துவிட்டால் முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்காகவே மெனுத் திரையின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை முன்கூட்டியே அவர்கள் வாட்ஸப்பில் போட்டுவையுங்கள்.