புரொக்ரசிவ் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கடையின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம், அது முடியட்டும். ஆனால் நடந்தது என்ன என்பதை, வீட்டில் நாற்பது தாண்டிய ஒருவர் இருந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு 66 வயது. பல வருடமாக பைஃபோக்கல், அதாவது மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்கும் என்று கோடு போட்டுப் பிரித்த கண்ணாடி, போட்டவர். நடுவில் ஓடும் அந்தக் கோடு இல்லாமல், மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறும் புரொக்ரசிவ் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டார். திருச்சியில் எப்போதும் கூட்டம் நிற்கிற ஒரு கடை. வாசலில் ‘இலவச கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ என்று போர்டு. தாடையை வைத்து உள்ளே பார்த்தால் நீளமான ரோடும் அதன் கடைசியில் ஒரு பலூனும் தெரியுமே, அந்த மெஷினில் அப்பாவை உட்கார வைத்தார்கள். சீட்டு வந்தது. “கண் சூப்பரா இருக்கு சார், பவர் மட்டும்தான் கொஞ்சம் ஏறியிருக்கு” என்றார் கவுன்டரில் இருந்தவர்.

அந்த மெஷின் தருவது தோராயக் கணக்கு. அதை வைத்துக்கொண்டு, ட்ரையல் ஃப்ரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவாக இருக்கிறது என்று நம்மிடம் கேட்டுத்தான் பவரை முடிவு செய்ய வேண்டும். அங்கே மெஷின் சீட்டில் இருந்ததையே ஆர்டர் படிவத்தில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து விற்பனை. பெயர் சொன்னாலே தெரிகிற ஒரு பெரிய கம்பெனியின் லென்ஸ் என்று அட்டையைக் காட்டினார்கள். கூடவே ‘ப்ளூ கட்’, அதாவது திரையிலிருந்து வரும் நீல ஒளியைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிற லென்ஸ். அதற்கு ஒரு லேசர் பேனா வைத்திருக்கிறார்கள். சாதா லென்ஸ் வழியாக அடித்தால் ஊதா வெளிச்சம் அட்டையில் விழும், ப்ளூ கட் வழியாக அடித்தால் விழாது. பார்க்கிறவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். லென்ஸ் அந்த ஊதா ஒளியைத் தடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பேனாவின் வெளிச்சம் வேறு, நம் போனிலும் டிவியிலும் இருந்து வருவது வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தது. திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை ப்ளூ கட் லென்ஸ் குறைக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. அப்பாவிடம் அதற்கு மட்டும் 1,200 ரூபாய் வாங்கினார்கள். மொத்தம் 14,500.

பில் கேட்டோம். “பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி வரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பவர் கண்ணாடிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அந்தச் சீட்டில் லென்ஸ் கம்பெனியின் பெயரும் இல்லை, பவரும் இல்லை.

கண்ணாடி வந்தது. போட்டதும் நேரே பார்த்தாலே மங்கல். பேப்பர் படிக்க மோவாயை வானத்தைப் பார்த்துத் தூக்க வேண்டியிருந்தது. பஸ் படிக்கட்டு அலை அலையாகத் தெரிகிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடையில் போய்ச் சொன்னால், “பழகிடும் சார், எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான்.” இந்தப் பதில்தான் ஆபத்தானது, ஏனென்றால் இதில் பாதி உண்மை. புரொக்ரசிவ் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஓரங்களில் கொஞ்சம் நெளியும். ஆனால் நேராகத் தூரத்தைப் பார்க்கும்போது தெளிவாக இருக்க வேண்டும். அது மங்கினால் பழக்கத்தின் மேல் பழி போட முடியாது.

கடைசியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே பார்வை பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண், கண்ணாடியை லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணின் சிலிண்டர் ஆக்சிஸே, அதாவது சிலிண்டர் பவர் உட்கார வேண்டிய கோணமே, தவறு என்றார். பிறகு லென்ஸின் மேல் வாயால் ஊதினார். ஆவி படிந்ததும், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சின்ன வட்டங்கள் எழும்பின. புரொக்ரசிவ் லென்ஸில் இந்தப் பொறிப்பு இருக்கும், இரண்டுக்கும் நடுவே 34 மில்லிமீட்டர். காதுப் பக்க வட்டத்துக்குக் கீழே கிட்டப்பார்வைக்கான கூடுதல் பவர், மூக்குப் பக்கம் கம்பெனியின் குறி. அப்பாவின் லென்ஸில் மூக்குப் பக்கம் அந்தக் கம்பெனியின் குறி இல்லை. யாருக்கும் தெரியாத இரண்டு எழுத்துகள் இருந்தன. அப்புறம் அந்த வட்டங்களை வைத்து அளந்து, இரண்டு லென்ஸும் கண்மணிக்கு நேரே உட்காரவில்லை, ஐந்து மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று காட்டினார். மோவாயைத் தூக்கித் தூக்கிப் படித்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த அளவை எப்படி எடுக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். நாம் தேர்ந்தெடுத்த ஃப்ரேமை முகத்தில் சரியாக மாட்டி, நேரே பார்க்கச் சொல்லி, ஃப்ரேமோடு வரும் பவர் இல்லாத டம்மி லென்ஸில் கண்மணி இருக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அந்தக் கடையில் பேனாவையே யாரும் எடுக்கவில்லை. உங்களுக்கு யாராவது இந்தப் புள்ளியை வைக்காமல் புரொக்ரசிவ் ஆர்டர் எடுத்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். டெலிவரி எடுக்கும்போது, லென்ஸ் மேல் மையால் போட்டிருக்கும் கூட்டல் குறியைத் துடைப்பதற்கு முன்னால் மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். அது கண்மணிக்கு நேராக நிற்க வேண்டும். கம்பெனி லென்ஸ் என்றால் அதன் கவரும் கார்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஊதிப் பார்க்கவும் தயங்காதீர்கள், பணம் கொடுப்பது நீங்கள்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். இன்னும் மனது ஆறாதது வேறு. அதே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கண் அழுத்தம் பார்த்தார்கள். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, அவருக்கு 27. கண் நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதித்து, கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய் ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஓரப் பார்வையிலிருந்து மெல்ல மெல்லக் குறையும், போன பார்வை திரும்ப வராது, சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். பலூன் மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது, அது பவரை மட்டும்தான் பார்க்கும். அப்படியிருக்க, “கண் சூப்பரா இருக்கு சார்” என்று சொல்ல அந்த மனிதருக்கு என்ன தைரியம்? அந்த ஒரு வார்த்தையை நம்பி அப்பா அதே கண்ணாடியோடு பழகிக்கொண்டே இருந்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கடையில் பவர் பாருங்கள், தப்பில்லை. நாற்பதுக்கு மேல் கண் அழுத்தமும் நரம்பும் பார்ப்பது மட்டும் கண் மருத்துவரிடம்தான்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு கடைக்குப் போனபோது முதலில் “லேப்ல மாத்திட்டாங்க” என்றார்கள், பிறகு வேறு லென்ஸ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். லென்ஸ் கார்டைக் கேட்டதும் ஓனர் ஊரில் இல்லை என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அதன் பிறகு பாதிப் பணம் தருவதாக போன் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம், நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் இருப்பது எஸ்டிமேட் சீட்டு, ஜிபேயில் பணம் போன பதிவு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், அப்புறம் அந்தக் கண்ணாடி. உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால், கோபத்தில் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். லென்ஸைத் திருப்பிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.