பழைய ராணுவ ரைஃபிள்: அறுப்பதா, விடுவதா, எதைப் பூசுவது?

போலீஸ்காரர் தோளில் தொங்கிய ‘திரீ நாட் திரீ’யைப் பார்த்து வளர்ந்தவர்கள் அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தை ஒன்றுக்குப் போனால் கொஞ்சம் திகைத்துப் போவார்கள். அதே லீ என்ஃபீல்டு முன்பக்க மரம் பாதி அறுபட்டு, குழல் குட்டையாகி, பளபளவென்ற வார்னிஷோடு மேசையில் கிடக்கும். பக்கத்திலேயே அறுபடாத இன்னொன்று, எண்ணெய் ஏறிக் கறுத்த மரத்தோடு இருக்கும். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அழுக்காக இருப்பதுதான் விலை கூட.

அறுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மாஸர், ஸ்பிரிங்ஃபீல்டு, லீ என்ஃபீல்டு என்று பல நாட்டு ராணுவ ரைஃபிள்கள் மலைமலையாகக் குவிந்தன. அமெரிக்காவில் 1968-ல் சட்டம் வரும்வரை தபாலிலேயே வாங்கலாம். 1963-ல் இத்தாலிய ராணுவ ரைஃபிளான கார்கானோ ஒன்று தொலைநோக்கியோடு 19.95 டாலர்; கென்னடியைக் கொன்ற துப்பாக்கி அப்படி வாங்கியதுதான். புது வேட்டை ரைஃபிளுக்குப் பல மடங்கு ஆகும். எனவே கையில் ரம்பமும் அரமும் இருந்தவர்கள் கேரேஜில் உட்கார்ந்து மான் வேட்டைக்கு ஏற்ற மாதிரி செதுக்கிக்கொண்டார்கள். ‘ஸ்போர்ட்டரைஸிங்’ என்று அதற்குப் பெயர்.

இன்றைக்குக் கணக்கு வேறு. அறுபடாத ரைஃபிள் உங்கள் கையில் இருந்தால் என் பதில் ஒன்றுதான்: தொடாதீர்கள். சேகரிப்பாளர்கள் பழைய எண்ணெய்க் கறைக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார்கள். குறுகலான காட்டுப் பாதையில் சுமக்கக் குட்டையாக வேண்டும் என்றால், அதற்கென்றே செய்த புது ரைஃபிள் இப்போது மலிவாகவே கிடைக்கிறது.

ஏற்கெனவே யாரோ அறுத்துவிட்டதை என்ன செய்வது? பழைய ராணுவக் கோலத்துக்கே திருப்பலாம் என்று முதலில் தோன்றும். மரம் மட்டும் போயிருந்தால் முயலலாம். முன்கட்டை, குழலை மேலே மூடும் கைக்காப்பு மரம், வளையங்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வாங்க வேண்டும். குழலும் குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள், செலவு ரைஃபிளின் விலையைத் தாண்டிவிடும். இன்னொரு கூட்டம் லீ என்ஃபீல்டின் நம்பர் 4 ரகத்தைக் குட்டையாக்கி, அதன் குட்டை ரகமான நம்பர் 5 ‘ஜங்கிள் கார்பைன்’ மாதிரி வேஷம் கட்டுகிறது. அசலில் எடை குறைப்பதற்காகக் குழலின் பின்முனையில் உலோகத்தைக் குடைந்திருப்பார்கள். போலியில் அது இருக்காது. கைக்காப்பைக் கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆக, அறுபட்டதை நல்ல வேட்டை ரைஃபிளாகவே மெருகேற்றுவதுதான் மிச்சம். ஸ்பிரிங்ஃபீல்டு 1903 வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் வரிசை எண்ணைப் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507-க்குக் கீழும் இருப்பவற்றில், இரும்பின் சூட்டைக் கண்ணாலேயே கணித்துப் பதப்படுத்தினார்கள். சில அளவுக்கு மீறிச் சூடேறி நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டன. அவற்றால் சுடக் கூடாது; என்ன பூசினாலும் இடம் சுவரில்தான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தன் ரைஃபிளுக்குத் தானே மெருகு போட உரிமம் வேண்டாம். அடுத்தவருக்குக் காசு வாங்கிச் செய்தால் வேண்டும். குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் தனிப் பதிவு இல்லாமல் வைத்திருப்பது குற்றம். இந்தியாவிலோ .303 தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நம் ஊர் வாசகர்களுக்கு இது படிக்கிற சுவாரசியம் மட்டும்தான்.

மரத்துக்கு வருவோம். பாலியூரித்தேன் தண்ணீருக்கு அசையாது, ஆனால் பிளாஸ்டிக் உறை போட்ட சோபா மாதிரி இருக்கும். ஒரு கீறல் விழுந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும். டங் ஆயில் என்ற கொட்டை எண்ணெய் ஈரத்தை நன்றாகத் தாங்கும், காய நாளாகும். என் ஓட்டு ஆளிவிதை எண்ணெய்க்கு. பிரிட்டிஷ் சிப்பாய்கள் தேய்த்ததும் அதுதான். மெல்லிசாகத் தடவி, உள்ளங்கைச் சூடு ஏறத் தேய்த்து, காயவிட்டு மறுபடி தடவ வேண்டும். தோசைக்கல்லைப் பழக்குகிற பொறுமை இருந்தால் போதும். கீறினால் கீறின இடத்தில் மட்டும் தடவிக்கொள்ளலாம். பள்ளமாக அமுங்கிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மட்டம் செய்யாதீர்கள். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவியில் மரநார் உப்பித் தானே எழும்பும். எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள்.

உலோகத்தில்தான் உண்மையான போட்டி. இரும்பைக் கருநீலமாக்கித் துருவைத் தடுக்கிற வேலைக்கு ‘புளூயிங்’ என்று பெயர். அதில் கோல்டு புளூ, அதாவது சூடேற்றாமலே பூசுவது, புட்டியில் வரும். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டுத் துணியால் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் இரும்பு கறுக்கும். அன்றைக்குச் சாயங்காலம் பார்க்க ஜோர். செலினியமும் செம்பும் மேலே மெல்லிசாகப் படிகிற சமாச்சாரம் அது, கை படுகிற இடமெல்லாம் சீக்கிரம் வெளுத்துவிடும். கீறலை மறைக்க ஒரு புட்டி வைத்துக்கொள்ளலாம், முழு ரைஃபிளுக்கு வேண்டாம். ஹாட் புளூ உழைக்கும். தொழிற்சாலைகள் செய்வதும் அதுதான். ஆனால் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் 140 டிகிரிக்குக் கொதிக்கிற தொட்டி அது. தண்ணீர் தவறாக விழுந்தால் முகத்தில் தெறிக்கும். வீட்டில் வைக்கிற பொருளே இல்லை. பார்க்கரைஸிங் ராணுவத்தின் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு, எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துருவுக்கு நல்ல எதிரி. ஆனால் மெருகேற்றிய வால்நட் கட்டையோடு சேர்ந்தால் பட்டு வேட்டிக்குக் கீழே பூட்ஸ் போட்ட மாதிரிதான்.

மிஞ்சுவது ரஸ்ட் புளூ, அதாவது துருவை வைத்தே துருவைத் தடுப்பது. அமெரிக்காவின் ஓஹையோவில் நண்பர் ஒருவர் தன் கேரேஜில் அறுபட்ட லீ என்ஃபீல்டு ஒன்றுக்கு இதைச் செய்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். குழலின் இரு முனைகளையும் அடைத்து, துரு ஏற்றும் கரைசலை ஒரே ஒரு கோடாக இழுத்தார். திரும்பத் தடவினால் செம்பு நிறம் ஒட்டுமாம். வெந்நீர்ப் பாத்திரம் வைத்த மரப்பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிட்டார். வெளியே எடுத்தபோது மிளகாய்ப்பொடி தூவின மாதிரி முழுக்கச் சிவந்த துரு. எனக்குப் பகீர் என்றது. நீளத் தகரத்தொட்டியில் காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்து அதற்குள் இறக்கினார். சில நிமிடங்களில் சிவப்பு கறுப்பு வெல்வெட்டாக மாறிவிட்டது. துரு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு ஆகிறது, அவ்வளவுதான். எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வுல் என்ற எஃகு நாரால் அந்த வெல்வெட்டைத் தேய்த்து எடுத்தால் கீழே மங்கலான சாம்பல். மறுபடி தடவல், துரு, கொதி, தேய்ப்பு. ஆறாவது சுற்றில்தான் ஆழமான கருநீலம் வந்தது. நாலு நாள் ஆயிற்று. அப்புறம் அதற்கு முன்னால் கோல்டு புளூவை வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இத்தனைக்கும் அவர் மெஷின் சக்கரத்தில் பாலிஷ் போடவில்லை. சக்கரம் ஓரங்களை மழுக்கும், திருகுத் துளைகளைக் கிண்ணமாக்கும், எழுத்துகளைக் கரைக்கும். வரிசை எண்ணை அழித்தாலோ கூட்டாட்சிக் குற்றம். எல்லாம் கையால், கட்டையில் சுற்றிய உப்புத்தாளால். பழைய கறுப்புப் பெயின்ட்டை உரித்தபோது பின்கட்டை சேரும் இடத்தில் ஆர்எஃப்ஐ என்ற முத்திரையும் 1960களின் ஆண்டு ஒன்றும் தெளிவாக எழுந்தன. வங்காளத்தில் உள்ள ஈஷாப்பூர் ஆலையில் .303-க்குப் பதில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்து, கடல் தாண்டி வந்து, அமெரிக்காவில் யாரோ அறுத்தது. அந்த இடத்தில் மட்டும் அவர் உப்புத்தாளை வைக்கவேயில்லை.