ஆறு வருடம் ஓடிய ஸ்பீக்கர் பெட்டிகள்: மரத்தைவிட மூட்டுதான் முக்கியம்

நானே அறுத்து ஒட்டிய இந்த ஜோடி ஸ்பீக்கர்களில் ஆறு வருடமாகத் தினமும் பாட்டு கேட்கிறேன். தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், உச்ச ஒலிக்கு மேலே ஒரு ட்வீட்டர், மரத்தூளை அழுத்திச் செய்த 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் போர்ட் (காற்று போகும் துளை) இல்லாத மூடிய பெட்டி. செய்த புதிதில் கேட்டிருந்தால் எந்த மரம் நல்லது என்றுதான் பேசியிருப்பேன். இப்போது அதைவிட மூட்டையும் உள்கட்டையையும் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது.

வூஃபரோடு சேர்ந்து பக்கப் பலகையும் அதிர்ந்தால் பெட்டியே ஒலி எழுப்பும். ஆண் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். ஒட்டுவதற்கு முன் பலகைகளை க்ளாம்பில் பிடித்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். 'டொம்' என்று இழுத்தது. நாலு பக்கமும் தொடும்படி ஜன்னல் சட்டம் போல ஒரு பிரேஸை, அதாவது உள்கட்டையை, உள்ளே வைத்ததும் 'டக்' என்று நின்றது. பிரேஸை நட்டநடுவில் வைக்காதீர்கள், இரண்டு பாதியும் ஒரே சுருதியில் அதிரும். கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிரேஸும் வூஃபரின் பின்பக்கமும் அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டு, பெட்டியின் கொள்ளளவை அந்த அளவு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டுவதற்குச் சாதாரண வெள்ளைப் பசைதான். அழுத்தும்போது மூட்டு நெடுகப் பசை முத்து முத்தாகப் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் பசை போதவில்லை. ஒரே அளவான பலகைகளை, ரம்பத்தின் வழிகாட்டியை நகர்த்தாமல் ஒரே மூச்சில் அறுத்துவிட்டால் மூட்டு தானாகவே பொருந்தும். என் பெட்டிகளில் ஒரு மூட்டுகூட இதுவரை விடவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு பெட்டியில் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்தது. தாழ்ந்த தொனி ஒன்றை ஓடவிட்டு ஈரக் கையை ஓரங்களில் மெல்ல நகர்த்தினேன். பின்னால் வயர் மாட்டும் தட்டின் ஓரத்தில் சில்லென்று காற்று பட்டது. அடியில் ஒட்டிய ஃபோம் நசுங்கிப்போயிருந்தது. புதிதாக ஒட்டியதும் பேஸ் திரும்பி வந்தது.

இதைவிட அதிகம் வேலை வாங்கியது பெயின்ட். முதல் மழைக்காலம் முடிந்ததும் மூட்டுகளின் மேல் மெல்லிய கோடுகள் தெரிந்தன. எம்.டி.எஃப். ஈரத்தில் உப்பும்போது பலகையின் முகமும் அறுத்த ஓரமும் ஒரே அளவு உப்புவதில்லை. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி அடித்தேன். அடுத்த வருடமே கோடு திரும்ப வந்தது. கடைசியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை ஒட்டினேன். அதன் பிறகு கண்ணில் படவில்லை. பெயின்ட்தான் வேண்டும் என்றால், ஒட்டிய பெட்டியைச் சில வாரம் சும்மா விட்டு அப்புறம் தேயுங்கள். அறுத்த ஓரங்கள் பெயின்ட்டை உறிஞ்சும் என்பதால், தண்ணீர் கலந்த பசையை முதலில் பூசிக் காயவிடுங்கள்.

வூஃபரை மூன்று நாலு முறை கழற்றி மாட்டியதில் திருகுத் துளைகள் மாவாக உதிர்ந்தன. கடின மரக் குச்சியைப் பசையோடு அடித்து இறக்கி மறுபடி துளையிட்டேன். ஆரம்பத்திலேயே டி-நட் (பலகைக்குப் பின்னால் பதிக்கும் மரையுள்ள உலோக நட்) போட்டிருக்கலாம். மரம் செதுக்கும் மெஷினான ரௌட்டர் கையில் இருக்கும்போதே வூஃபர் துளையின் உள்பக்க விளிம்பையும் சரிவாகச் செதுக்கிவிடுங்கள், வூஃபரின் அதிரும் கூம்புக்குப் பின்னால் காற்று தடையில்லாமல் போகும். திருகு இறங்கும் இடங்களில் மட்டும் செதுக்காதீர்கள். எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது, நல்ல முகமூடி இல்லாமல் அறுக்கவே வேண்டாம்.

அடுத்த ஜோடிக்கு பிர்ச் மரத்தில் செய்த ப்ளைவுட் எடுத்து வைத்திருக்கிறேன். திருகு நன்றாகப் பிடிக்கும், தூக்கவும் இலேசு. பிரேஸ் மட்டும் இதே ஜன்னல் சட்டம்தான்.