குடும்பத்துக்கும் வேட்டைக்கும் ஒரே ஏ.டி.வி: பல வருடம் ஓட்டிய பிறகு

ஏ.டி.வி, அதாவது காட்டுப் பாதையில் ஓட்டும் ஹேண்டில்பார் வைத்த நாலு சக்கர வண்டி, வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" என்றுதான். குடும்பத்தோடு காட்டுப் பாதையில் சுற்றவும் சீசனில் வேட்டைக்குப் போகவும் ஒரே வண்டியைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. ஆள் நடக்கிற வேகத்தில், முழுச் சுமையோடு, வண்டி சொன்னபடி கேட்கிறதா? எங்கள் நேரத்தில் பெரும்பகுதி அந்த வேகத்தில்தான் போகிறது. வேரும் பாறையுமான ஏற்றம், சேறு, பின்சீட்டில் மனைவி, ரேக்கில் சாப்பாட்டுப் பெட்டி. அங்கே குதிரைத்திறனால் பெரிய பயன் இல்லை. கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினால் வண்டி துள்ளாமல் நகர வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுடையது 500க்கும் 600 சிசிக்கும் இடைப்பட்டது. நாலு வீல் டிரைவ், பவர் ஸ்டீயரிங், பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக், இருவர் உட்காருவதற்கென்றே செய்த நீளமான மாடல். இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண ஏ.டி.வியின் சீட் நீளமாக இருப்பதைப் பார்த்து இரண்டு பேர் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நீளம் ஓட்டுபவர் ஏற்றத்தில் முன்னால் நகரவும் இறக்கத்தில் பின்னால் சாயவும் கொடுக்கப்பட்ட இடம். பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் போய்விடும். எடை பின் ஆக்சிலுக்கு மேலே ஏறி, ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிவிடும். கேன்-ஆம் அவுட்லாண்டர் மேக்ஸ், போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங் போன்றவற்றில் வீல்பேஸே நீளம். பின்னால் இருப்பவருக்குச் சாய்மானம், கைப்பிடி, கால் வைக்கத் தனி இடம் எல்லாம் உண்டு. துணையோடு போகும் எண்ணம் இருந்தால் இந்த வகையைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள். நீளத்தால் குறுகிய வளைவில் ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். அது பழகிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முழு அளவு ஏ.டி.விகளில் 16 வயதுக்குக் கீழ் ஓட்டக் கூடாது என்று ஸ்டிக்கரே ஒட்டி வருகிறது. 300 கிலோ பக்கம் எடையுள்ள வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், அதைத் தன் உடம்பால் சமன் செய்ய 12 வயதுப் பிள்ளையால் முடியாது. எங்கள் பையனுக்கு அவன் வயதுக்கு ஏற்ற சின்ன வண்டி எடுத்தோம். ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்பதை ஒரு ஸ்க்ரூவால் கட்டுப்படுத்தலாம். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே அவன் விரல்கள் பிரேக்கை எட்டுகின்றனவா, எழுந்து நின்றால் சீட்டுக்கும் அவனுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். அவன் முன்னால் போவான், நான் பின்னால் போவேன். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ் இல்லாமல் யார் வண்டியும் கிளம்பாது.

அடுத்து கியர். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ரப்பர் பெல்ட்தான். ஓட்ட ரொம்ப எளிது, வீட்டில் யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சுமையோடு ஏறும்போது வேகத்துக்கான ஹை ரேஞ்சில் ஊர்ந்தால் பெல்ட் வழுக்கிச் சூடாகும். கருகிய ரப்பர் வாசனை வந்தால் உடனே நிறுத்தி ஆற விட வேண்டும். மெதுவாகப் போகிறோமா, சுமை இழுக்கிறோமா, இழுவைக்கான லோ ரேஞ்சுக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், பெல்ட் நீண்ட நாள் உழைக்கும். ஹோண்டா ரான்ச்சர், ஃபோர்மேன் வரிசையில் பெல்ட் கிடையாது, கியர்கள்தான். தண்ணீர் புகுந்து பெல்ட் வழுக்கும் தொல்லை அதில் இல்லை. பண்ணை வேலைக்கும் சுமை இழுக்கவும் அதை எடுப்பவர்களின் நியாயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங், அதாவது எஞ்சினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிப்பது, எப்படி என்று ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஈரப் பாறைச் சரிவில் ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டுவிட்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வண்டி தானே பிடித்துக்கொண்டு இறங்குவது தரும் நிம்மதி தனி. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் பிடி தளர்வதிலேயே அது தெரியும்.

பவர் ஸ்டீயரிங் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் ஒரு முழு நாள் பாறைப் பாதையில் ஓட்டிப் பார்க்கட்டும். சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும். பின் சஸ்பென்ஷன் தனித்தனியாக இயங்குவதுதான் குடும்பத்துக்கு நல்லது. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்சில் உறுதியானது, பராமரிப்பும் குறைவு, ஆனால் பின்சீட்டில் இருப்பவரின் இடுப்பு அதற்கு விலை கொடுக்கும்.

வேட்டைக்கு வருகிறேன். ரேக் எவ்வளவு தாங்கும் என்பதைக் கையேட்டில் படியுங்கள். உதாரணத்துக்கு யமஹா கிரிஸ்லி 700: முன் ரேக் 50 கிலோ, பின் ரேக் 90 கிலோ, இழுவை 600 கிலோ. கணக்குப்படி ஒரு மானைப் பின் ரேக்கில் தூக்கிக் கட்டலாம்தான். ஆனால் அவ்வளவு எடை அவ்வளவு உயரத்தில் ஏறினால் சரிவில் வண்டியின் குணமே மாறிவிடும். நான் தாழ்வான சின்ன டிரெய்லரில்தான் கொண்டுவருகிறேன். ஏற்றுவதும் சுலபம், ஒரு ஆள் போதும். முன்னால் இருக்கும் வின்ச்சுக்கு (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் கருவி) இரும்புக் கயிறைக் கழற்றிவிட்டு சிந்தெடிக் கயிறு போட்டேன். கை கிழியாது, அறுந்தாலும் இரும்பு அளவுக்கு வேகமாகச் சாட்டையடி அடிக்காது.

துப்பாக்கி எப்போதும் குண்டு இறக்கி, உறைப்பெட்டிக்குள். பல இடங்களில் சட்டமே அப்படித்தான். வண்டியில் இருந்தபடி சுடுவதும் பல இடங்களில் குற்றம். அப்புறம் ஒன்று, நாள் முழுக்க அதிர்ந்தால் ஸ்கோப்பின் ஸ்க்ரூக்கள் தளரும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வண்டியைக் காத்திருக்கும் இடத்துக்கு ரொம்பத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து போகிறேன். பெட்ரோல் வாசனை கையில் ஒட்டினால் மானின் மூக்கு அதை விடாது. அதனால் பெட்ரோல் போட ஒரு தனி ஜோடி கையுறையே வைத்திருக்கிறேன்.

இத்தனை காலத்தில் வந்த தொல்லைகள் பெரும்பாலும் சேற்றால் வந்தவை. ரேடியேட்டரில் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால், மெதுவாகப் போகும்போது சூடு ஏறும். பிரஷர் பம்பை நேராக அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும். சைலன்சர் பக்கம் சேரும் காய்ந்த புல்லை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்க அது போதும். ஏர் ஃபில்டரைத் தூசிப் பாதையில் போய்வந்த ஒவ்வொரு முறையும் கழுவுகிறேன். முன் ஆக்சிலின் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் ஒன்று குச்சி குத்திக் கிழிந்தது. உடனே கவனித்ததால் பூட் மாற்றி கிரீஸ் அடித்ததோடு முடிந்தது. மணல் உள்ளே போயிருந்தால் ஜாயின்ட்டே போயிருக்கும்.

டயர் காற்று பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐதான். காருக்கு வைத்திருக்கும் கேஜ் அவ்வளவு குறைவான அளவைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் வாங்குங்கள். இடது வலது சக்கரங்களுக்குள் வித்தியாசம் வந்தாலே ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும். எங்கள் டயர்கள் இப்போது தேய்ந்துவிட்டன. இந்த முறையும் 6 ப்ளை எனும் தடித்த, உறுதியான டயர்தான் போடப்போகிறேன். கொஞ்சம் கனம், சவாரியும் சற்றுக் கடினம்தான். ஆனாலும் குடும்பத்தோடு காட்டுக்கு நடுவே பஞ்சர் ஒட்டுவதைவிட அது மேல்.