.22-ஆ, 9 எம்எம்மா: போட்டிக்கு எதை எடுத்துப் போவது?

டெக்சாஸில் கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய தோட்டா போடும் 9 எம்எம் துப்பாக்கி வாங்கி, இடுப்பில் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) மாட்டி, நேரே யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்க நடைமுறைத் துப்பாக்கிச் சுடல் சங்கம்) மேட்சில் இறங்குகிறார்கள். நான் சின்னத் தோட்டா போடும் .22-ஐத் தூக்கிக்கொண்டு, எஃகுத் தட்டுகளைச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டிக்குப் போனேன். இன்று யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன்.

விறுவிறுப்பு யூஎஸ்பிஎஸ்ஏ-வில்தான், அதில் பேச்சே இல்லை. ஓடிக்கொண்டே சுடலாம், நடுவில் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) மாற்ற வேண்டும், ஒரு ஸ்டேஜ், அதாவது போட்டியின் ஒரு கட்டம், 32 தோட்டா வரை போகும். எடுத்த புள்ளியை நேரத்தால் வகுத்தால் உங்கள் கணக்கு. ஸ்டீல் சேலஞ்சில் பெரும்பாலும் நின்ற இடம்தான். எட்டு ஸ்டேஜ், ஒவ்வொன்றிலும் ஐந்து எஃகுத் தட்டு. அதையே ஐந்து முறை சுட வேண்டும் (ஒரு ஸ்டேஜில் மட்டும் நான்கு); ஒவ்வொரு முறையும் ஒரு 'ஓட்டம்'. ஒவ்வொரு ஸ்டேஜிலும் மோசமான ஒரு ஓட்டத்தைக் கழித்துவிடுவார்கள்.

என் முடிவை மாற்றியது தோட்டாச் செலவு. ஒன்றுகூடத் தவறாமல் சுட்டாலே ஸ்டீல் மேட்சுக்கு 195 தோட்டா வேண்டும். பயிற்சி தனி. நான் வாங்கும் கடையில் .22-இன் விலை 9 எம்எம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதாவது 9 எம்எம்காரர் நூறு சுடும் காசில் நான் முந்நூறு சுடுகிறேன். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. புதிதாகச் சுடுகிறவருக்கு அதிர்ச்சியை எதிர்பார்த்து, வெடிக்கும் முன்பே மணிக்கட்டு கீழே அமுங்கும். 9 எம்எம்மில் தொடங்கிய நண்பரின் மேகசினில் அவருக்குத் தெரியாமல் ஒரு டம்மி (வெடிக்காத) தோட்டாவைக் கலந்து வைத்தோம். 'கிளிக்' என்றதும் குழல் முனை தரையைப் பார்த்துக் குத்தியது! .22-இல் உதை குறைவு, அதனால் அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது.

.22-க்கும் தொல்லை உண்டு. மெழுகும் ஈயமும் சேர்ந்து பிசுக்கு ஏறும், அடிக்கடி துடைக்க வேண்டும். தோட்டா வெடிக்காமல் போவதும் இதில்தான் அதிகம். ஸ்டேஜில் ஒருமுறை என்றால் பரவாயில்லை, அந்த ஓட்டத்தைக் கழிவில் தள்ளிவிடலாம். இரண்டாவது முறையும் அப்படி என்றால் போச்சு. சில .22-களில் காலியாக ட்ரிகரை அழுத்திப் பழகவும் கூடாது, ஊசி சேம்பர் (தோட்டா அமரும் அறை) விளிம்பில் அடித்துப் பள்ளம் விழும்.

ஹோல்ஸ்டரிலிருந்து உருவுவதை இது கற்றுத் தராது. ஸ்டீல் சேலஞ்சில் ரிம்ஃபயர்காரர்கள் (.22 சுடுகிறவர்கள்) முன்னால் தரையில் வைத்த கோனைக் குறிபார்த்தபடிதான் தொடங்குவார்கள். அப்புறம் இரவல் 9 எம்எம்மோடு யூஎஸ்பிஎஸ்ஏ-வில் நாலே நாலு மேட்ச் ஆடினேன். இரண்டாவது குண்டு எப்போதும் மேலே ஏறியது. அது .22 பழக்கமா, என் பிடியா என்று நாலு மேட்சை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதில் ஒன்றில், மேகசின் மாற்றும்போது விரல் ட்ரிகரில் இருந்ததைப் பார்த்த ரேஞ்ச் ஆபீசர் அன்றைக்கே என்னை மூட்டை கட்ட வைத்தார். அதில் தப்பு முழுக்க என்னுடையதுதான்.

சரி, .22 என்று முடிவு செய்தால் மேகசின் ஐந்து வாங்கிவிடுங்கள், ஓட்டத்துக்கு ஒன்று. முதல் மேட்சுக்கு நான் இரண்டோடு போனேன். ஒவ்வொரு ஸ்டேஜிலும் தோட்டா நிரப்பி முடிக்கும்வரை மொத்தக் குழுவும் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றது.