வகைக்குள் அடங்காத புனைவும் கிண்டில் பதிப்புச் சேவையும்: ஒரு மதிப்பீடு

எந்த வகையிலும் சேராத நாவல் ஒன்றை எழுதி முடித்தவர் பதிப்பகத்தை அணுகும்போது முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "இது எந்தப் புத்தகத்தைப் போன்றது?" என்பதுதான். பதிப்பாளர் இதை அலட்சியத்தால் கேட்பதில்லை. எத்தனை படிகள் அச்சிடுவது, என்ன விலை வைப்பது, கடையில் எந்த அடுக்கில் வைக்கச் சொல்வது ஆகிய முடிவுகளை அவர் முன்பு விற்ற ஒத்த புத்தகங்களின் கணக்கைக் கொண்டே எடுக்கிறார். ஒத்த புத்தகம் இல்லையென்றால் கணக்குப் போடவும் வழியில்லை. காதல் கதையும் துப்பறியும் கதையும் பேய்க்கதையும் எளிதில் அச்சேறுவதற்கும், முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி நகரும் நாவலோ கடிதங்களும் விண்ணப்பப் படிவங்களும் மட்டுமே கொண்டு கட்டப்பட்ட கதையோ ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்கும் பல சமயம் காரணம் தரம் அல்ல, இந்தக் கணக்குதான். பதிப்பகத்தின் ஒப்புதல் இல்லாமலே நூலை வெளியிட உதவும் சேவைகளில் பரவலாக அறியப்பட்டது அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாகக் கே.டி.பி. தொடர்கதைகளை விரைவாக எழுதி வெளியிடுவோருக்கு அது எப்படிப் பயன்படுகிறது என்று சொல்லும் மதிப்புரைகள் ஏராளமாக இருக்கின்றன. சூத்திரத்துக்குள் அடங்காத புனைவை எழுதுபவருக்கு அது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அதன் பெரிய நன்மையைத் தயக்கமின்றிச் சொல்லிவிட வேண்டும். 2007 நவம்பரில், மின்னூல் படிக்கும் கிண்டில் கருவியோடு சேர்த்தே தொடங்கப்பட்ட இந்தச் சேவையில் நூலை ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. பதிப்புரிமை எழுத்தாளரிடமே இருக்கிறது. கதையின் வடிவத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. உள்ளடக்க விதிகளை மீறாத நூல் பொதுவாகச் சில நாட்களுக்குள் விற்பனைக்கு வந்துவிடுகிறது. வெளியான பிறகும் மின்னூலின் உரையைத் திருத்தி மறுபடியும் ஏற்ற முடிவது, சோதனை முயற்சிகளைச் செய்பவருக்குப் பெரிய வரம். அத்தியாயங்களின் வரிசை சரியாக அமைந்ததா என்பது சில வாசகர்கள் படித்துச் சொன்ன பிறகே தெரியவரும் நூல்கள் உண்டு. அவற்றின் ஆசிரியர் இரண்டாம் பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எழுத்தாளர் தம் நூலைத் தாமே வெளியிடுவதை இரண்டாந்தர வழியாகக் கருதுவோருக்கு ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்டலாம். 1759-இல் லாரன்ஸ் ஸ்டெர்ன் தமது 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' நாவலை 50 பவுண்டுக்கு லண்டன் பதிப்பாளர் ராபர்ட் டாட்ஸ்லியிடம் கொடுக்க முன்வந்தார், டாட்ஸ்லி மறுத்துவிட்டார். முதல் இரண்டு தொகுதிகளும் யார்க் நகரில் ஆசிரியரின் செலவிலேயே அச்சாயின. ஒரு பாத்திரம் இறந்ததைக் குறிக்கும் முழுக் கறுப்புப் பக்கம் இருப்பது அந்த முதல் தொகுதியில்தான். நூல் புகழ் பெற்ற பிறகு அதே டாட்ஸ்லி நிறுவனம் உரிமையை விலைகொடுத்து வாங்கியது. சந்தை மறுத்த வடிவம் ஆசிரியரின் சொந்தச் செலவில் வெளிவருவது அன்றே நடந்தது. கே.டி.பி. அந்த முன்செலவை இல்லாமல் ஆக்கியிருக்கிறது, இதைச் சிறிய விஷயமாக நான் கருதவில்லை.

வடிவத்தில் புதுமை செய்பவர் மின்னூலைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். கிண்டிலின் வழக்கமான மின்னூலில் நிலையான பக்கம் என்று ஒன்று இல்லை. எழுத்துருவையும் அதன் அளவையும் ஓரத்தின் அகலத்தையும் வாசகர் மாற்ற மாற்ற, வரிகள் புதிதாக ஓடி அமைகின்றன. சாதாரண நாவலுக்கு இது வசதி. இரண்டு குரல்களை இரண்டு பத்திகளில் அருகருகே ஓடவிட்டவருக்கும், சொற்களுக்கிடையே விட்ட வெளியையே அர்த்தமாக்கியவருக்கும் இது நூலையே குலைத்துவிடும். பக்கத்தை அப்படியே படம்போல் காட்டும் மாற்று வடிவமும் இருக்கிறது. ஆனால் அதில் எழுத்தின் அளவை வாசகர் மாற்ற முடியாது என்பதால், கைப்பேசித் திரையில் பக்கத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளும் வாசகர் மிகச் சிலரே. அடிக்குறிப்புகளின் வழியே கதை சொல்பவருக்கு மட்டும் மின்னூல் நன்றாகக் கைகொடுக்கிறது. முறையாக இணைப்புக் கொடுத்திருந்தால் எண்ணைத் தொட்டவுடன் குறிப்பு சிறு பெட்டியில் திறக்கும், படித்துக்கொண்டிருந்த இடமும் கைவிட்டுப் போகாது.

வடிவமே உயிராக உள்ள நூலுக்கு நான் பரிந்துரைப்பது இதே சேவையின் அச்சுப் பதிப்பை. பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில், ஒருவர் வாங்கும்போதுதான் ஒரு படி அச்சாகிறது; ஆகவே விற்காத படிகள் வீட்டில் குவியும் அச்சம் இல்லை. பி.டி.எஃப். கோப்பில் எழுத்தாளர் வைத்த சொல் வைத்த இடத்திலேயே நிற்கும். இங்கும் சில வரம்புகள் இருக்கின்றன. பேப்பர்பேக் நூலுக்குக் குறைந்தது 24 பக்கங்கள் வேண்டும், அதிகபட்சம் 828 பக்கங்கள் இருக்கலாம். 79 பக்கங்களுக்கு மேல் இருந்தால்தான் முதுகில் தலைப்பை அச்சிடுகிறார்கள். நூலின் நடுவில் தொடர்ந்து நான்குக்கு மேற்பட்ட வெற்றுப் பக்கங்களை ஏற்பதில்லை என்பதால், நீண்ட மௌனத்தை வெற்றுத் தாள்களாலேயே காட்ட நினைப்பவர் அதை நான்கு பக்கங்களுக்குள் முடிக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குறியையாவது இட வேண்டும். ஆங்கில எழுத்தாளர் பி. எஸ். ஜான்சன் 1969-இல் செய்ததுபோல நாவலின் 27 தனித்தனிப் பகுதிகளைப் பெட்டியில் போட்டு, முதலும் கடைசியும் தவிர மற்றவற்றை விரும்பிய வரிசையில் படியுங்கள் என்று கொடுப்பது இங்கே நடக்காத காரியம். கட்டிய நூலாக அமையக்கூடிய புதுமைகளுக்கு மட்டுமே இந்தச் சேவை பொருந்தும்.

வெளியிடுவதில் கிடைக்கும் இந்தச் சுதந்திரம், வெளியான நூல் வாசகரின் கண்ணில் படும் கட்டத்தில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பதிப்பாளர் கேட்ட அதே கேள்வியை இங்கே நூலை ஏற்றும் படிவம் கேட்கிறது. நூலுக்கு அதிகபட்சம் மூன்று பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஏழு பெட்டிகளில் தேடுசொற்களை இடலாம். 4,000 எழுத்துகளுக்குள் நூலறிமுகம் எழுதலாம். வாசகர் நூலைக் கண்டடையும் வழிகளில் பெரும்பகுதி இவற்றைச் சார்ந்தே இருக்கிறது. ஒரு வகையைத் தேடி வருபவர் அந்த வகையின் பெயரைத் தட்டச்சு செய்கிறார். தமக்குப் பெயர் தெரியாத ஒன்றை யார் தேடுவார்? 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்ற பரிந்துரையும் வாங்கும் பழக்கம் ஒரே திசையில் குவியும்போதுதான் வலுப்பெறுகிறது. கவிதை வாசகர், அறிவியல் புனைவு வாசகர், நண்பர்கள் எனப் பல திசைகளிலிருந்து சிலர் சிலராக வந்து வாங்கிய நூலுக்கு அப்படி ஒரு துணைப்பட்டியல் தெளிவாக அமைவது கடினம்.

இந்த நெருக்கடியில் பலர் செய்வது, விற்பனை மிகுந்த பிரிவு ஒன்றில் நூலைக் கொண்டுபோய் வைப்பது. அதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். கொலையாளி யார் என்று கடைசிவரை சொல்லாத நாவலைத் துப்பறியும் பிரிவில் வைத்தால், ஏமாந்த வாசகர் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பார்; அவர்மீது தவறு சொல்லவும் முடியாது. இலக்கியப் புனைவு, மாய யதார்த்தம், அபத்தப் புனைவு போன்ற பிரிவுகள் அங்கே இருக்கின்றன. கூட்டம் குறைவாக இருந்தாலும், அங்கே வருபவர் விசித்திரத்தை எதிர்பார்த்தே வருகிறார். நூலறிமுகத்திலும் கதைச் சுருக்கத்தைக் குறைத்து, நூல் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை நேராகச் சொல்லிவிடலாம். "இந்த நாவலில் உரையாடல் மட்டுமே உண்டு; பேசுபவர்களின் பெயர்கள் கடைசிவரை வராது" என்ற ஒரே வாக்கியம் தவறான பத்துப் பேரை விலக்கி, சரியான ஒருவரை உள்ளே அழைத்துவரும். அந்த ஒருவரின் மதிப்புரைதான் அடுத்தவரைக் கொண்டுவரும்.

இலவச மாதிரிப் பகுதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாங்குமுன் படித்துப் பார்க்க வாசகருக்குக் கிடைப்பது பொதுவாக நூலின் முதல் 10 சதவீதம். முதல் பக்கத்திலேயே பிணம் விழும் கதைக்கு இது போதும். மெல்லத் திறந்து, நடுப்பகுதியில் தன் விதியை வெளிப்படுத்தும் நாவலுக்கு இது போதவே போதாது. இதற்காகத் தொடக்கத்தைப் பரபரப்பாக மாற்றி எழுதச் சொல்லும் அறிவுரையை ஏற்க வேண்டியதில்லை. முன்னுரை, நன்றியுரை, காணிக்கை ஆகியவற்றை நூலின் இறுதிக்கு நகர்த்தினாலே மாதிரியில் கதைக்குக் கூடுதல் பக்கங்கள் கிடைத்துவிடும்.

எழுத்தாளர் மிகக் கவனமாகச் சிந்திக்க வேண்டிய இடம், சந்தா கட்டிய வாசகர் நூல்களைத் தனித்தனியாக வாங்காமலே எடுத்துப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டம். 2014 ஜூலையில் இது தொடங்கியபோது, எடுத்த நூலில் 10 சதவீதத்தை வாசகர் கடந்தால் எழுத்தாளருக்கு ஒரு தொகை கிடைத்தது. நூல் நீளமா குட்டையா என்ற வேறுபாடு அப்போது இல்லை. 2015 ஜூலையிலிருந்து படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைப்படி பணம் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு மாதமும் ஒதுக்கப்படும் பொது நிதியிலிருந்து வரும் இந்தத் தொகை, அண்மை ஆண்டுகளில் பக்கத்துக்கு அமெரிக்க அரை சென்டை எட்டுவதில்லை. நான் முக்கியமாகக் கருதும் விதி வேறொன்று: ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல் தடவை படிப்பது மட்டுமே கணக்கில் சேரும். ஒரே மூச்சில் ஓடிக் கடந்து அடுத்த பாகத்துக்குப் போகும் 600 பக்கத் தொடர்நாவலுக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. 90 பக்கத்தில் முடிந்து, முடிந்த இடத்திலிருந்து மறுபடியும் முதல் பக்கத்துக்கு வாசகரை அனுப்பும் குறுநாவலுக்கோ, அதன் ஆழத்துக்கான இரண்டாம் வாசிப்பு வெறும் பூஜ்யமாகப் பதிவாகிறது. மரபு மீறிய புனைவில் மிகச் சிறந்தவை மறுவாசிப்பிலேயே தம்மைத் திறந்து காட்டுகின்றன என்று நம்புகிறவன் நான். அந்த வாசிப்பை மதிக்காத ஒரு கணக்குமுறை அவற்றுக்கு ஊக்கம் தர முடியாது.

இந்தத் திட்டத்தில் சேர்வதற்கு எழுத்தாளர் ஏற்க வேண்டிய நிபந்தனையும் கவனத்துக்குரியது. சேர்ந்த மின்னூலை 90 நாட்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. நாமாக நிறுத்தாவிட்டால் அது தானாகவே அடுத்த 90 நாட்களுக்கு நீளும். அச்சுப் பதிப்பை இந்தத் தடை தொடாது. சோதனைச் சிறுகதைகளின் முதல் வாசகர்கள் பெரும்பாலும் சிற்றிதழ்களிலும் இணைய இதழ்களிலும்தான் கிடைக்கிறார்கள். இணைய இதழில் திறந்தபடி கிடக்கும் கதைகளைத் தொகுத்த நூலை இந்தத் திட்டத்தில் சேர்ப்பது விதிமீறலாகிவிடும். சந்தாவில் வரும் சில சென்டுகளுக்காக அந்த இதழ்களின் வாசகரை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திட்டத்தில் சேராமலே நூலை விற்க முடியும் என்பதைப் புதியவர்கள் பலர் அறியாதிருக்கிறார்கள்.

விற்பனைப் பங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னூலின் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருந்தால் 70 சதவீதப் பங்கைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வரம்புக்கு வெளியே 35 சதவீதம்தான். 70 சதவீத முறையில் கோப்பின் அளவுக்கேற்ப அனுப்பும் செலவையும் கழிப்பதால், படங்கள் நிறைந்த நூலுக்குக் கையில் வருவது மேலும் குறையும். பேப்பர்பேக்கில் எழுத்தாளரின் பங்கு விலையில் 60 சதவீதம் என்றிருந்தது, அதிலிருந்து அச்சுச் செலவு கழியும். 2025 ஜூனிலிருந்து 9.99 டாலருக்குக் குறைந்த விலையுள்ள நூல்களுக்கு அந்தப் பங்கு 50 சதவீதமாக இறங்கியது. மெலிந்த நூலுக்கு அதிக விலை வைக்க முடியாது என்பதால், குறைந்த பங்கு பெரும்பாலும் குறுநாவலாசிரியரின் தலையிலேயே விழுகிறது.

வடிவச் சோதனை மொழியிலும் கதைசொல்லும் முறையிலும் இருந்தால் மின்னூலும் அச்சும் இரண்டுமே பொருந்தும். பக்க அமைப்பில் இருந்தால் அச்சை மட்டும் வெளியிடலாம். சந்தாத் திட்டத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது. வாழ்க்கைச் செலவுக்கு இதிலிருந்து பணம் வரும் என்று எதிர்பார்ப்பவருக்கும், நூலை ஏற்றியதும் வாசகர் தாமாக வந்து சேருவார் என்று காத்திருப்பவருக்கும் இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிப்பகங்களின் மறுப்புக் கடிதங்களால் ஒரு நல்ல கையெழுத்துப் பிரதி மேசைக்குள்ளேயே கிடக்கிறது என்றால், அதை நூலாக்கி இருபது நல்ல வாசகரின் கையில் சேர்க்க இதைவிடச் செலவு குறைந்த வழியை நான் அறியேன்.

இரண்டு மாற்றங்களை நிறுவனம் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். மாதிரிப் பகுதி நூலின் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை எழுத்தாளரே குறிக்க அனுமதிக்கலாம். சந்தாக் கணக்கில் மறுவாசிப்புக்கும், குறைந்த விகிதத்திலாவது, ஒரு பங்கு தரலாம். பக்கங்களைப் போலியாகப் புரட்டிப் பணம் பறிப்போரைத் தடுக்க ஒரு வாசகருக்கு ஒரு மறுவாசிப்பு என்று வரம்பு வைத்தாலே போதும்.